குதிரைக்குக் கீழே கிடந்தவர்

மன்னாரில் குதிரை கிடையாது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தூத்துக்குடியிலிருந்து வரும்போதே நாலு குதிரைப் படம் எடுத்து வந்திருப்பேன். கழுதைகள் உண்டு, ஏராளமாக. நடுத்தெருவில் நின்றுகொண்டு பஸ்ஸுக்குக்கூட வழிவிடாத கழுதைகள். அவற்றால் எனக்கு வந்த சோதனையைப் பிறகு சொல்கிறேன்.

நான் சுரூபங்களுக்கு, அதாவது மாதா கோயில் சிலைகளுக்கு, வர்ணம் பூசுகிறவள். உடைந்த கை, கால் ஒட்டுவேன். முக்கியமாகக் கண் எழுதுவேன். எங்கள் பட்டறையில் மற்ற வேலைகளை யாரும் செய்யலாம், கண் மட்டும் என் கைக்குத்தான் வரும். தற்பெருமை என்பவர்கள் நான் கண் எழுதிய அந்தோனியாரை வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். அப்படி யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லித்தான், மன்னார்த் தீவில் ஒரு சின்னக் கோயிலின் சந்தியாகப்பரைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சண்டைக் காலத்தில் கூரை விழுந்து உடைந்தவர். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்துக் கோயிலைப் புதிதாகக் கட்டி, மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் திறப்பு என்று நாள் குறித்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு முதல் வெளிநாடு. விமானத்தில் கொடுத்த கேக்கைக்கூடத் தொடாமல் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தேன்.

சந்தியாகப்பரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர், யாக்கோபு. எங்கள் சனத்தைப் போல வலை இழுத்தவர். அவர் வாள் பிடித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் அவர் செத்துப் பல நூறு வருடங்களுக்குப் பிறகு ஸ்பெயின் தேசத்தில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சண்டை நடந்ததாம். அப்போது அவர் வெள்ளைக் குதிரையில் வானத்திலிருந்து இறங்கி வந்து முஸ்லிம் படையை வெட்டிச் சாய்த்தார் என்று அங்கே ஒரு கதை. அந்தக் கதையைப் போர்த்துக்கீசியர் கப்பலில் ஏற்றி எங்கள் கரைகளுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே மீன்பிடிக்காரர் குதிரை ஏறினார். கையில் வாள், குதிரையின் காலடியில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர். கீழே கிடப்பவரைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மேலே இருப்பவருடைய கண்தான் என் வேலை.

திங்கட்கிழமை மன்னார் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். ஒட்ட வெட்டிய முடியும் விறைப்பாக உட்கார்ந்த விதமும் பட்டாளக்காரர் என்று சொல்லின. விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்புகிறாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. முன் இருக்கையில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்த அம்மாளுக்கு இரண்டும் தெரிந்திருந்தது, பேசவும் பிடித்திருந்தது. அதனால் நான் வாயை மூடவே இல்லை.

அவர் மணிக்கட்டில் அழுக்கேறிய வெள்ளை நூல் ஒன்று. அது என்ன என்று கேட்டேன். முருங்கைக்காய் அம்மாள் அவர் சொன்னதைத் தமிழாக்கினார்: "சண்டைக்குப் போகும்போது அம்மா விகாரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டாள். சண்டையில் கொல்வது பாவமா என்று பிக்குவிடம் கேட்டேன். அவர் நூலைக் கட்டி முடித்துவிட்டு, உயிரோடு திரும்பி வா என்று மட்டும் சொன்னார்."

அவரே மறுபடி பேசினார். சின்ன வயதில் விகாரையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்ட கதையாம். பழைய ராஜா ஒருவர் போரில் செத்தவர்களை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்தாராம். பிக்குகள் வந்து, கவலைப்படாதே, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், நம் மார்க்கத்தில் முழுதாக வந்தவன் ஒருவன், பாதி வந்தவன் ஒருவன், மற்றவர்கள் நம் மார்க்கத்தில் இல்லாதவர்கள் என்று தேற்றினார்களாம். "எனக்கு அப்போது மற்றவர்களைப் பற்றித் தோன்றவில்லை. அந்த அரை மனிதன் எப்படி இருப்பான் என்றுதான் பயம். சண்டைக்குப் போன பிறகு மற்றவர்களைப் பற்றியும் தோன்றியது," என்றார். பிறகு கடதாசிப் பையைத் திறந்து எனக்கு ஒரு மீன் பணிஸ் கொடுத்தார். உள்ளே மிளகும் உருளைக்கிழங்கும் மீனும். நம் ஊர் பேக்கரிகள் ஏன் இதைச் செய்வதில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உயிலங்குளத்தில் டயர் வெடித்தது. பட்டாளக்காரர்தான் முதலில் இறங்கி ஜாக்கியைத் தூக்கினார். எதிரே இன்னொரு பஸ் வந்து நிற்கவும் சிலர் ஓடினார்கள். ஓடுகிறார்களே என்று நானும் வர்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினேன். ஓடியவர்கள் எல்லாரும் அடம்பன்காரர்கள் என்பது அடம்பனில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தீவு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சரி, ஒரு தேநீர் குடிப்போம் என்று கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரிய மீசைக்காரர் கைப்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஓம், ஓம், இண்டைக்குப் பின்னேரம் சூடு அடிக்கிறம். பெடியளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒண்டும் மிச்சம் விடேலாது. மழை வரமுதல் முடிச்சுப் போடவேணும்."

சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லித்தானே என்னை அனுப்பினார்கள். ரொட்டி அடுக்கியிருந்த கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பெட்டியை மடியில் வைத்துக் குந்திவிட்டேன். சந்தியாகப்பரே, உமக்காகத்தானே வந்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஏன் உதுக்குள்ள இருக்கிறியள்?"

"துப்பாக்கிச் சூடு நடத்தப் போறோம்னு சொன்னீங்களே."

அவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். மீசைக்காரர் பெயர் கந்தசாமி, நெல் விவசாயி. சூடு என்றால் அறுத்த நெல்லை அடுக்கி வைத்திருப்பது, சூடு அடிப்பது என்றால் அதை அடித்து நெல்லெடுப்பது. "துவக்கால சுடுறதை நாங்கள் வெடி எண்டுதான் சொல்லுறது," என்றார். எங்கள் பக்கம் வெடி என்பது தீபாவளிக்குக் கொளுத்துவது என்றேன். "இஞ்சயும் அப்பிடித்தான். கன காலம் தீபாவளிக்கு ஒருத்தரும் கொளுத்தேல்லை, பயத்தில."

நெற்கட்டை அடுக்கி வைப்பதற்கு எங்கள் ஊரில் போர் என்று பெயர் என்று சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "அப்ப உங்கட ஊரில போர் அடிக்குது எண்டா சண்டையோ, நெல்லோ?"

"ரெண்டும் இல்ல. பொழுது போகலன்னு அர்த்தம்."

"அப்ப என்ன செய்வியள்?"

"டிவி போடுவோம்."

"நல்ல ஊர்," என்றார் கந்தசாமி.

சூடு அடித்து முடித்தால் டிராக்டரில் பெரிய வீதிக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று என்னை வயலுக்கே கூட்டிப் போய்விட்டார். வரப்பில் உட்கார வைத்துச் சிவப்பரிசிச் சோறும் குளத்து விரால் குழம்பும் கொடுத்தார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நான் வந்த காரியத்தைக் கேட்ட கந்தசாமி, தானும் அந்தத் தொழில்தான் என்றார். கந்தசஷ்டியில் அவர்கள் கோயிலில் சூரன்போர் நடக்கும்போது சூரனின் பொம்மையைத் தோளில் வைத்து ஆட்டுகிறவர் இவர். முப்பது வருடமாகத் தோற்கிறாராம்.

"ஆனா பாருங்கோ அக்கா, முருகன் சூரனைக் கொண்டுபோட்டார் எண்டு முடியிறேல்லை. மயிலும் சேவலுமாக்கித் தன்னோடயே வைச்சிருக்கிறார். எதிரி இல்லாமல் வாகனமும் இல்லை, கொடியும் இல்லை." அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார், "என்ர பெடியன் இயக்கத்துக்குப் போகேக்க, தர்மயுத்தம், கீதையில சொல்லிக் கிடக்கு எண்டு ஊரில படிச்ச ஒராள் வந்து எனக்கு ஆறுதல் சொன்னார். பெடியன் வரேல்லை எண்ட பிறகு அவர் இந்தப் பக்கமே வரேல்லை." நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு நெற்கட்டுத் தூக்கக் கை கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் மூப்பர் மரியதாஸ் வீட்டில் இடியப்பமும் சொதியும். கோயில் காரியங்களைப் பார்க்கிற பொறுப்பாளரை இங்கே மூப்பர் என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது, கடல் தொழில், எல்லாவற்றுக்கும் முதலில் "ஓம்" சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிறவர். என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சந்தியாகப்பரைத் திறந்து காட்டினார். வலது கையில் இரண்டு விரல் இல்லை, வாள் வளைந்திருந்தது, முகத்தில் வர்ணம் உரிந்திருந்தது. எல்லாம் என் கைக்குள் அடங்குகிற வேலை. குதிரையைப் பார்த்துத்தான் திகைத்தேன். காது இரண்டும் ஒரு முழம்.

"மூப்பரே, இது கழுதைக் காது."

"ஓம். முந்தி ஒருக்கா குதிரையின்ர காது முறிஞ்சது. எங்கட ஊர்த் தச்சன் செய்து போட்டவர். அவர் பாவம், குதிரை கண்டது இல்லை. றோட்டில நிண்டதைப் பாத்துச் செதுக்கிப்போட்டார்."

சரி, வெட்டிச் சின்னதாக்கிவிடுகிறேன் என்று நான் உளியை எடுத்ததும் மூப்பர் என் கையைப் பிடித்துவிட்டார். அவர்களுக்கு அந்தக் காதுதான் குதிரைக் காது. பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தார்களாம். "அதோட, ஆண்டவர் எருசலேமுக்குள்ள போனது கழுதையிலதானே. சண்டைக்குப் போறவைதான் குதிரையில போறது. பாதி கழுதையா இருந்தா எங்கட சந்தியாகப்பருக்குப் பாதிக் கோவம் குறையும்." நான் காதை விட்டுவிட்டேன். தொழில்காரி என்ற முறையில் இது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்போது பங்குத்தந்தை வந்தார். இளவயதுக்காரர், வேகமாகப் பேசுகிறவர். குதிரையின் முன்கால்களுக்குக் கீழே இடுப்புக்குக் கீழ்ப்பட்ட ஓர் உடம்பு மட்டும் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பாறை செய்யச் சொன்னார். "எங்கட சோனகச் சனம், முஸ்லிம் ஆக்கள், கன காலத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்திருக்குதுகள். அவையின்ர ஆளை மிதிக்கிற சுரூபத்தை வைச்சுக்கொண்டு நாங்கள் சமாதானம் கதைக்கேலாது அக்கா. பாறை நல்லது. இல்லாட்டி அலை." அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. பாறை எனக்கு அரை நாள் வேலை. அன்று மத்தியானம் நண்டுக்கறி, ஆகவே நான் யாரோடும் வாதாடுகிற மனநிலையில் இல்லை.

புதன்கிழமை, சந்தியாகப்பரின் காணாமல்போன விரல்களைத் தேடிச் பூசைச் சாமான்கள் வைக்கிற சக்கிறீஸ்து அறையிலிருந்த பழைய அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் பழைய திரைச்சீலைக்குள் அவர் இருந்தார். குதிரைக்குக் கீழே கிடந்தவரின் மேல்பாதி. எனக்கு உடனே பஸ்ஸில் வந்தவர் சொன்ன அரை மனிதன் நினைவுக்கு வந்தான். எடுத்து மேசையில் வைத்துப் பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன்.

மார்பும் தாடியும் எத்தனையோ வருடத்து மெழுகுவர்த்திப் புகையில் கறுத்திருந்தன. ஆனால் நெற்றியிலிருந்து மூக்கின் பாதிவரை, நாலு விரல் அகலத்துக்கு, தலையைச் சுற்றி ஒரே சீராகப் புகையே இல்லை. போன வாரம் பூசியது போல வர்ணம் பளபளத்தது. அந்தப் பட்டைக்குள் இரண்டு கண்கள். அப்படிக் கண்களை நான் பார்த்ததில்லை. சாகிறவனின் கண் இல்லை, சபிக்கிறவனின் கண்ணும் இல்லை. பக்கவாட்டில் திரும்பி நம்மைப் பார்த்து, இவர் எப்போது இறங்குவார் என்று கேட்கிறாற்போல இருந்தது. எழுதியவன் யாரோ, என்னைவிடக் கெட்டிக்காரன். இதை நான் எங்கள் பட்டறையில் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

யாரோ வருடக்கணக்காக இந்தத் தலையைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படிப் பட்டை விழாது. மூப்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தார். "முந்தி இதுக்கு ஆரோ துணி சுத்துற ஞாபகம் மாதிரி இருக்கு. அதுக்குப் பிறகு எத்தினை இடப்பெயர்வு, எல்லாம் மறந்துபோச்சு. இது தாத்தாக்குத்தான் தெரியும். பள்ளிவாசல் ஒழுங்கையில மூண்டாவது வீடு."

வியாழக்கிழமை அந்த மூன்றாவது வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அறுபது வயதிருக்கும் ஒரு பெண் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா இருக்காங்களா?"

"ஆரு தாத்தா?"

"பெரியவர். வயசானவர். தாடி வச்சிருப்பார்னு நினைக்கிறேன்."

அந்த அம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான்தான் தாத்தா. தாடி இன்னும் வரல்ல." இலங்கை முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவார்களாம். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. பெயர் ஸரீனா. சிரித்து முடித்த பிறகு வெறும் தேநீரும் தொதலும் வந்தன. தொதல் என்பது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிய இனிப்பு. நம் ஊர் மஸ்கோத் அல்வாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனாலும் அன்று நாலு துண்டு சாப்பிட்டேன்.

துணியைப் பற்றிக் கேட்டதும் ஸரீனா தாத்தாவின் முகம் மாறிவிட்டது. "அவரு இருக்கிறாரா இன்னும்?" என்றார், உயிருள்ள ஒருவரைக் கேட்பது போல. அவர்கள் வீடு அப்போது கோயிலுக்கு அடுத்ததாம். ஆடி மாதத் திருவிழாவில் சுரூபத்தைத் தூக்கும் முன்பு அவர் வாப்பா புது வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துப் போய், கீழே கிடப்பவருக்குத் தலைப்பாகை கட்டுவாராம். அதற்குப் பிறகுதான் ஊர்வலம் நகரும். அடுத்த ஆடிவரை அந்தத் துணி அங்கேயே இருக்கும். "வாப்பா கட்டுவாரு. நான் துணியோட மத்த நுனியைப் புடிச்சிட்டு நிப்பன். ஒராள் புடிக்காட்டி தலைப்பா சரியா வராது. கண்ணையும் சேத்துத்தான் கட்டுற. மேல வாள் தெரியும், பாவம், பயப்படுவாரு எண்டு வாப்பா சொல்லுவாரு. நாங்க புள்ளைங்க அவரக் கிடக்கிற மாமா எண்டுதான் சொல்லுவம்."

பிறகு அந்த வருடம் வந்தது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லாரையும் வடக்கைவிட்டுப் போகச் சொன்னார்கள். கையில் அகப்பட்டதோடு படகேறிப் புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, இப்போது மகனோடு திரும்பி வந்திருக்கிறார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சோனகர் மனம் நோகக்கூடாதென்று அவரை எடுத்துவிட்டுப் பாறை வைக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தரிக்கோலை மெதுவாக மெஷின் மேல் வைத்தார். "எங்களை ஒருக்கா எழும்பிப் போகச் சொன்னாங்க. போனம். இப்ப படுத்துக் கிடக்கிறவரையும் எழும்பிப் போகச் சொல்றீங்களா? அவரு அங்க கிடந்ததாலதான் எங்களுக்கும் அந்தத் திருவிழாவுல ஒரு வேலை இருந்த. பாறைக்கு ஆரு தலைப்பா கட்டுற?"

மகன் ரிஸ்வான் பள்ளிவாசலிலிருந்து வந்தார். கணக்கு வாத்தியார், முப்பத்தைந்து வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பணிவாகவே சொன்னார், "உம்மா, திறப்புக்குப் போங்க, சாப்பிடுங்க. சிலைக்குத் துணி கட்ட வேணாம். அது ஷிர்க்." அல்லாவுக்கு இணை வைக்கிற பாவம் என்று எனக்கு விளக்கினார். பஸ்ஸிலும் வயலிலும் கேட்ட கதைகளின் ஆர்வத்தில் அவரிடமும் கேட்டேன்: வாள் எடுப்பதைப் பற்றி உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது?

அவர் கோபப்படவில்லை. "புத்தளம் முகாமுல பதினஞ்சு வயசுல நாங்களும் ஜிஹாத் எண்டு பேசித் திரிஞ்ச பொடியன்கள்தான். எங்களுக்கு ஓதித் தந்த உஸ்தாத் கூப்பிட்டு இருத்தினாரு. வீட்டை விட்டு விரட்டப்பட்டவனுக்கு எதிர்த்துச் சண்டை பிடிக்க அனுமதி இருக்கு எண்டாரு. சந்தோசப்பட்டம். பொறகு பொம்பளைகள், புள்ளைகள், வயசான ஆக்கள், ஆச்சிரமத்துல இருக்கிற சாமியார், காய்க்கிற மரம், ஒண்டையும் தொடப்படாது எண்டாரு. அப்ப ஆரோட சண்டை பிடிக்கிற எண்டு கேட்டன். உன்ட சோம்பேறித்தனத்தோட பிடி, அடுத்த மாசம் கணக்குச் சோதனை எண்டாரு. அப்பிடித்தான் கணக்கு வாத்தியார் ஆனன்." உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நான் சிலைக்குக் கட்டல்ல மகன். கிடக்கிற ஆளுக்குக் கட்டுறன்," என்றார். மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் சபை கூடியது. மேல்பாதியைத் துவாலையில் சுற்றி எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். புகை படாத பட்டையைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள். புகை பொய் சொல்லாது, முப்பது வருடமாக நான் புகையைத்தான் துடைக்கிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழக்கம் இருந்திருக்கும் அக்கா. ஆனா இண்டைக்கு ஒருத்தன் ஃபோனில படம் பிடிச்சுப் போட்டா அதில தாத்தாவும் தெரியாது, அவவின்ர வாப்பாவும் தெரியாது. குதிரையின்ர கால் மட்டும்தான் தெரியும். அதைக் காட்டி எங்கேயோ இருக்கிறவன் இஞ்ச நெருப்பு வைப்பான்." அவர் பயம் வீண் பயம் இல்லை.

மூப்பர் மரியதாஸ்தான் எழுந்தார். முதல் தடவையாக "ஓம்" சொல்லாமல் தொடங்கினார். "ஃபாதர், அவையின்ர மனம் நோகும் எண்டு நாங்களே முடிவெடுத்தனாங்கள். அவையைக் கேட்டனாங்களோ? அண்டைக்குப் போகச் சொன்னவங்களும் எங்களைக் கேக்கேல்லை, நாங்களும் ஒண்டும் கேக்கேல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருந்தனாங்கள். இண்டைக்காவது ஒருக்காப் போய்க் கேப்பம்."

பங்குத்தந்தை யாரையும் கூட்டாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தொதல் பொட்டலத்தோடு திரும்பினார். "ஒட்டுங்கோ அக்கா," என்றார் என்னிடம். "ஒண்டே ஒண்டு. குளம்பு நெஞ்சில படக்கூடாது. ஒரு விரல் இடைவெளி வேணும்." ஒரு விரல் என்ன, பலகையைக் கொஞ்சம் குடைந்து உடம்பை இறக்கி ஒன்றரை விரல் கொடுத்தேன். சனிக்கிழமை முழுவதும் அந்த வேலைதான். சந்தியாகப்பருக்கு விரல் வைத்து, வாளை நிமிர்த்தி, இரண்டு கண்ணும் எழுதினேன். குதிரைக்கும் எழுதினேன். கீழே கிடந்தவரின் கண்ணில் தூரிகை வைக்கவில்லை.

ஞாயிறு காலையில் கோயில் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. வங்காலையிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்திருந்தது. கந்தசாமி புது அரிசி இரண்டு மூட்டையைத் தானே டிராக்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, குதிரையின் காதைப் பார்த்து என்னிடம் கண் சிமிட்டினார். சுரூபத்தைத் தூக்குவதற்கு எட்டுப் பேர் தயாராக நின்றார்கள். பங்குத்தந்தை கைகாட்டி நிறுத்தினார். எல்லாரும் வாசலைப் பார்த்தோம்.

ஸரீனா தாத்தா தனியாக வந்தார், மடித்த வெள்ளைத் துணியோடு. ரிஸ்வான் அவரை இறக்கிவிட்டு வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளிலேயே இருந்தார். தாத்தா குனிந்து கீழே கிடந்தவரின் தலையில் துணியின் ஒரு நுனியை வைத்துச் சுற்றத் தொடங்கினார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி விழுந்தது. மறு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் ஓர் அடி வைத்தேன். மூப்பர் ஓர் அடி வைத்தார். தாத்தா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, நிமிர்ந்து வாசலைத்தான் பார்த்தார். அப்படியே நின்றார். இந்தப் பெண் இத்தனை பேருக்கு நடுவில் துணியோடு திரும்பிப் போகவேண்டி வந்துவிடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிஸ்வான் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்துக்குள் நடந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுரூபத்துக்கு நாலடி தள்ளி நின்று, துணியின் நுனியை வாங்கி இறுக்கிப் பிடித்தார். தாத்தாவின் கை அதற்குப் பிறகு தடுமாறவில்லை. ஏழு சுற்று. கண்ணுக்கு மேலே, புருவத்தோடு நிறுத்தி முடிச்சுப் போட்டார்.

மூப்பர் மெதுவாகக் கேட்டார், "தாத்தா, கண்ணை மூடேல்லையே?"

"கன காலம் மூடியாச்சு. இனி ஆரு ஆரு வந்திருக்கிற எண்டு பாக்கட்டும்."

எட்டுப் பேரும் தோள் கொடுத்தார்கள். கழுதைக் காதுக் குதிரை அசைந்து நகர்ந்தது. கீழே கிடந்தவர் புதுத் தலைப்பாகையோடு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனார். நான் ரிஸ்வானின் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது, நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி என்றேன்.

"நான் சிலையத் தொடல்ல அக்கா," என்றார், மணலில் செருப்பைத் தேடிக்கொண்டே. "எங்க உம்மாட துணியத்தான் புடிச்சன்."